வளையப் பின்னல் அணிகலன்

வளையப் பின்னல் அணிகலன் என்பது சிறு உலோக வளையங்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்யப்படும் நகை ஆகும். இம்முறை போர்வீரர் அணிந்த சங்கிலிக் கவசத்திலிருந்து வந்தது. ஐரோப்பாவின் கெல்ட் மக்களிடம் கி.மு. 3ஆம் நூற்றாண்டளவிலேயே இக்கவசம் இருந்தது. முகலாயர் படையிலும் பயன்பட்டது.

தமிழகத்தில் கண்ணி கோக்கும் வேலைக்குச் சேலம் வெள்ளிக் கொலுசு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கண்ணிகளைப் பொடி வைத்துப் பற்றவைப்பர். வளையப் பின்னலில் முனைகளை நெருக்கி மூடினால் போதும். நெருப்பு தேவையில்லாததால் தொடக்கநிலையினர் வீட்டிலேயே பழகலாம்.

தேவையான பொருள்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பாசன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடைகளில் செம்புக் கம்பி கிடைக்கும். அது மென்மையானது, மேலே எனாமல் பூச்சும் இருக்கும். பழகுவதற்கு ஏற்றது. நாள்தோறும் அணியும் நகைக்குச் சற்று விறைப்பான பித்தளைக் கம்பி நல்லது. தட்டை மூக்குக் கொறடு இரண்டு, 5 மி.மீ. கனமுள்ள இரும்புக் கம்பி, நகைப் பட்டறையில் பயன்படும் சிறு வாள் ஆகியவையும் வேண்டும்.

அளவு

வளையத்தின் உள்விட்டத்தைக் கம்பியின் கனத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே பின்னலின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. 18ஆம் எண் கம்பியின் கனம் 1.22 மி.மீ.; உள்விட்டம் 5 மி.மீ. எனில் விகிதம் சுமார் 4. எளிய பின்னல்களுக்கு இது பொருந்தும். 3-க்குக் கீழே போனால் வளையங்கள் நுழையா. மிகக் கூடினால் பின்னல் தொளதொளக்கும்.

செய்முறை

1. செம்புக் கம்பியை இரும்புக் கம்பியின் மேல் இடைவெளியின்றிச் சுற்றவும்.
2. சுருளைக் கழற்றி, நீளவாக்கில் அறுத்து வளையங்களாக்கவும்.
3. முனைகளை இருபுறமும் இழுத்து விரிக்கக் கூடாது, வட்டம் கெடும். ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்பித் திறக்கவும். மூடும்போதும் அப்படியே.
4. இரண்டு வளையங்களில் அடுத்த இரண்டைக் கோத்து இரட்டைச் சங்கிலியாக நீட்டவும். 18 செ.மீ. கைச்சங்கிலிக்குச் சுமார் 72 வளையங்கள், ஏறத்தாழ 1.5 மீட்டர் கம்பி தேவை.

இது பழகியபின், ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைக் கோக்கும் கவசப் பின்னலுக்குச் செல்லலாம்.

கவனிக்க வேண்டியவை

மூடிய இடத்தில் முடி நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் துணி மாட்டும், தோலைக் கீறும், சங்கிலி அறுந்து தொலையும். விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். அறுக்கும்போது தூள் தெறிப்பதால் கண்ணாடி அணியவும்.

வியர்வை பட்டால் செம்பு தோலில் பச்சைக் கறை விடும், கழுவினால் போய்விடும். கறுத்த நகையைப் புளி போட்டுத் துலக்கலாம்.

வடிவம் தேடுவோர், அரியலூர் மாவட்டக் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயிலின் சிற்பங்களைக் காணலாம். அவற்றின் ஆரங்களும் இடையணிகளும் புதிய வேலைப்பாட்டுக்கு மாதிரியாகும்.