எடைக்குப் போகும் பாட்டி சொத்து!
திருப்பூர் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு நஷ்ட வியாபாரம்

திருப்பூர் வட்டாரத்தில் பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும்போது பித்தளைப் பாத்திரம், தேக்குக் கதவு, மரத்தூண் எல்லாம் எடைக்கு எடை போய்க்கொண்டு இருக்கின்றன. அதே சாமான்களை வெளியூர்க்காரர்கள் தேடித் தேடி, கேட்ட விலை கொடுத்து வாங்கி வீட்டை அலங்காரம் செய்கிறார்கள்.

விற்கிறவருக்குக் கிடைப்பது காயலான் கடை விலை. வாங்குகிறவர் கொடுப்பது கலைப்பொருள் விலை.

இது ஒரு பக்கம். பழைய சாமான் ஆசையில் எதை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கினால் போலீஸ் வழக்கிலும் சிக்கிக்கொள்ள நேரிடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பேரீச்சம்பழம்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

இந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். இப்போது பேரீச்சம்பழம் போய் ரொக்கம் வந்துவிட்டது. தள்ளுவண்டி போய் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்துவிட்டது. கணக்கு மட்டும் மாறவில்லை. தராசில் வை, எடை போடு, காசை வாங்கு. அவ்வளவுதான்.

"ஏனுங்கம்மா, இந்த அண்டாவ வெச்சுட்டு என்னங்க பண்றீங்க?"

"எடத்த அடைச்சுட்டுக் கெடக்குது. எடுத்துட்டுப் போயிருங்க."

இந்த இரண்டு வரி பேச்சில் 3 தலைமுறைச் சொத்து வாசல் தாண்டிப் போய்விடுகிறது. கல்யாணச் சீராக வந்த பாத்திரம் அது. கழுத்தில் பெயரும் வருடமும் வெட்டி இருக்கும். அதை யாரும் படித்துப் பார்ப்பது இல்லை.

உலை

திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அந்த வட்டாரத்தில் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரம் அடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு.

பழைய பித்தளை உருக்கப்பட்டு, தகடாகி, மறுபடியும் பாத்திரம் ஆகிறது. தொழிலுக்கு அது தேவைதான். ஓட்டை விழுந்த குடத்தை உருக்கினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் கையால் அடித்த கூஜா, அடுக்குத் தூக்கு, பூண் போட்ட படி, செதுக்கு வேலை செய்த குத்துவிளக்கு ஆகியவையும் அதே குவியலில் போகின்றன. உலைக்குள் போனால் குடமும் ஒன்று, குத்துவிளக்கும் ஒன்று. உருகியது உருகியதுதான்.

வெண்கலம்

எடைக்குப் போடுகிறபோது கூட ஏமாறுகிறவர்கள் உண்டு. பித்தளை வேறு, வெண்கலம் வேறு.

செம்புடன் துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்புடன் வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். வெள்ளீயத்தின் விலை துத்தநாகத்தைவிடப் பல மடங்கு அதிகம். எனவே வெண்கலத்தைப் பித்தளைக் கணக்கில் கொடுப்பது நஷ்டம்.

கண்டுபிடிப்பது எப்படி? விரலை மடக்கி ஒரு தட்டு தட்டினால் வெண்கலம் மணி போல நீண்டு ஒலிக்கும். பித்தளையின் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும்.

ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் அப்படித்தான். பெயரில்தான் ஈயம். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்தது. 232 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும் என்பதால் அதை வெறுமனே அடுப்பில் வைக்கக்கூடாது. இதை "நசுங்கின ஈயம்" என்று சொல்லி யாராவது கேட்டால் கொடுத்துவிடவும் கூடாது.

தொட்டிக்கட்டு

பாத்திரம் மட்டும் அல்ல, வீடே எடைக்குப் போகிறது.

அவினாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கங்களில் தொட்டிக்கட்டு வீடுகள் உண்டு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் மரத்தூண், ஓட்டுக் கூரை, வாசலில் திண்ணை. இதுதான் அந்த வீடுகளின் அமைப்பு.

1970-களின் இறுதியில் பனியன் ஏற்றுமதி தொடங்கியது. அதன் பிறகு திருப்பூர் வளர்ந்த வேகம் எல்லோருக்கும் தெரியும். 2008-ல் மாநகராட்சி. 2009-ல் தனி மாவட்டம். வீடு இருந்த இடத்தில் கம்பெனி வந்தது. தோட்டம் இருந்த இடத்தில் லைன் வீடு வந்தது.

பங்காளிகள் பாகம் பிரித்துக்கொள்ளும்போது நிலத்துக்குத்தான் சண்டை. கதவுக்கும் தூணுக்கும் யாரும் சண்டை போடுவது இல்லை. வீட்டை இடிக்க வருகிற காண்டிராக்டரே மொத்தமாக எடுத்துக்கொண்டு போகிறார். வைரம் பாய்ந்த தேக்கு என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்!

காரைக்குடி

இந்தச் சாமான்களுக்கு என்ன மதிப்பு என்று பார்க்க வேண்டுமானால் காரைக்குடிக்குப் போக வேண்டும்.

அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. செதுக்கு வேலை செய்த நிலைப்படி, பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம், பீங்கான் ஜாடி, மரப்பெட்டி, மரப்பாச்சி என்று கண்ணில் படாத சாமானே கிடையாது.

இவை எல்லாம் எங்கிருந்து வந்தன? செட்டிநாட்டு வீடுகளில் இருந்து!

நகரத்தார்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வியாபாரம் செய்தார்கள். சம்பாதித்த பணத்தில் அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். 1930-களில் உலகமெங்கும் வியாபாரம் படுத்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. 1948-ல் சுதந்திரம் அடைந்த பர்மா அரசு நிலங்களைத் தேசியமயம் ஆக்கியது. போட்ட பணம் திரும்பவில்லை.

பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒரே வீட்டுக்குப் பத்து, இருபது பங்குதாரர்கள். பராமரிக்க ஆள் இல்லை. கடைசியில் வீட்டைப் பிரித்துக் கதவு தனி, தூண் தனி, தட்டு தனி என்று விற்றார்கள்.

அவற்றை வாங்குகிறவர்கள் ஓட்டல் கட்டுகிறவர்கள், சினிமா செட் போடுகிறவர்கள், அடுக்குமாடியில் குடியிருக்கும் வசதியானவர்கள். வெளிநாட்டிலும் இந்த மோகம் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா மோனிகா நகரில் 1989-ல் ரேச்சல் ஆஷ்வெல் என்ற பெண்மணி பழைய மேஜை நாற்காலிகளை வைத்து ஒரு கடை திறந்தார். சாயம் போன மேஜை, தேய்ந்த நாற்காலிதான் அழகு என்பது அவர் கட்சி. அது உலக நாகரிகமாகவே பரவிவிட்டது.

முட்டுக்காடு

பிரித்து விற்பதற்கு மாற்றுவழியும் இருக்கிறது.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-ல் தட்சிண சித்ரா என்ற அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே ஒரு செட்டிநாட்டு வீடு நிற்கிறது. பழைய வீட்டைப் பிரித்து எடுத்து வந்து மறுபடியும் கோர்த்துக் கட்டினார்கள். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றன. மதிப்பு தெரிந்தபோது பாதி வீடு போயிருந்தது என்று ஆகிவிடக்கூடாது. கொங்கு நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய பாடம் அது.

அலங்காரம்

விற்காவிட்டால் வைத்துக்கொண்டு என்ன செய்வது? சொந்த வீட்டை அலங்காரம் செய்யலாம். சுண்ணாம்புச் சுவர் பெயர்ந்த சின்ன வீட்டிலும் இது நடக்கும். காசும் அதிகம் ஆகாது.

பழைய ஒற்றைக் கதவைப் படுக்க வைத்து, 4 கால் கொடுத்து, மேலே கண்ணாடி போட்டால் மேஜை. ஜன்னல் சட்டத்தில் ரசம் பூசிய கண்ணாடியைப் பொருத்தினால் நிலைக்கண்ணாடி. உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூப்போட்டு வாசலில் வைக்கலாம். வண்டிச் சக்கரத்தைக் காம்பவுண்டு கேட்டில் பதிக்கலாம். ஆட்டுக்கல் குழியில் துளசி வைக்கலாம்.

தரைக்கு விரிக்கப் பவானி ஜமக்காளம் இருக்கிறது. பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்டில் பின்னிய மிதியடி திருப்பூரிலேயே கிடைக்கும். திரைச்சீலைக்கும் தலையணை உறைக்கும் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய துணியைத் தேடிப் பார்க்கலாம்.

சில எச்சரிக்கைகள்: ஈயம் பூசாத பித்தளையில் புளி சேர்ந்த பதார்த்தம் வைத்தால் களிம்பு ஏறும். சாப்பாட்டுக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் கலாய் பூசியே ஆக வேண்டும். பூச்சு உதிர்ந்த எனாமல் தட்டைச் சுவரில் மாட்டலாம். அதில் சோறு போடக்கூடாது. பழைய மரத்தில் பொடி உதிர்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் புதுக் கட்டிலையும் அது தின்றுவிடும்.

போலி

கிராக்கி வந்ததும் போலியும் வந்துவிட்டது.

புதுப் பித்தளையில் அமிலம் தடவிப் பச்சை ஏற்றுகிறார்கள். புது மரத்துக்குச் சாயம் பூசி, சங்கிலியால் அடித்துத் தழும்பு போடுகிறார்கள். உண்மையான பழைய சாமான் கைபடும் இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்து இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ரவிவர்மா படம் என்று சொல்லி விற்பதிலும் மோசடி உண்டு. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அந்தக் காலத்துப் படம் கல்லில் அச்சடித்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளிகள் ஒழுங்கு இல்லாமல் இருக்கும். இந்தக் காலத்து ஆப்செட் நகல் என்றால் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரியும்.

சிலை

போலியை வாங்கினால் பணத்தோடு போயிற்று. திருட்டு சாமானை வாங்கினால் மானமும் போகும்.

"பழைய வீட்டில் கிடைத்த சாமி சிலை" என்று யாராவது ரகசியமாகக் கொண்டு வந்தால் வாங்கவே கூடாது. கோவில் சிலைத் திருட்டுகளுக்கு என்றே தமிழ்நாட்டில் 1983-ல் சிலை தடுப்புப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோவிலில் திருடுபோன நடராஜர் சிலை ஆஸ்திரேலியா வரை போய், 2014-ல்தான் இந்தியாவுக்குத் திரும்பியது. சிலைக் கடத்தல் வழக்கில் பழம்பொருள் வியாபாரி சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் கோர்ட்டு 2022 நவம்பரில் 10 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது.

1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு ஆன கைவினைப் பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. மீறினால் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை ஜெயில். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் பாட்டியின் விளக்கை அனுப்புகிறவர்களும் கவனிக்க வேண்டும். "இது தொல்பொருள் அல்ல" என்று மத்திய தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அனுப்பினால் தொல்லை இல்லை.

புதையல்

அஸ்திவாரம் தோண்டும்போது கிடைப்பதற்கும் சட்டம் இருக்கிறது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் மண்ணுக்குள் இருந்து பழங்கால மணிகள் கிடைத்தது தெரிந்த சங்கதி. எனவே இந்தப் பக்கத்தில் கடப்பாரை பிடிக்கிறவர்களுக்கு இது முக்கியம்.

1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் செல்லும். மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மறைத்தால் குற்றம். முறையாகச் சொன்னால், உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவாகும் பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் கிடைக்கச் சட்டத்தில் வழி உண்டு.

ரசீது

கடைசியாக, விற்கிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான்.

ஆட்டோ வந்த அன்றே கொடுக்காதீர்கள். பாத்திரத்தின் கழுத்தில் என்ன வெட்டியிருக்கிறது என்று படியுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். 2 பேரிடம் விலை கேளுங்கள். கையால் செய்த பொருளைக் கிலோ கணக்கில் விற்காதீர்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். வீட்டை இடிக்கக் கொடுக்கும்போது கதவும் தூணும் யாருக்கு என்று காண்டிராக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

வாங்குகிறவர்கள் ரசீது இல்லாமல் வாங்கக்கூடாது. ரசீது தர மறுக்கிற வியாபாரியிடம் உள்ள சாமான் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்கள் வீட்டுக்கு வேண்டாம்!