மூச்சில் தெரியும் மது: வண்டியோட்டிகளைப் பரிசோதிக்கும் முறை

விடியற்காலை 5 மணிக்குப் பணிமனையிலிருந்து புறப்பட வேண்டிய பேருந்தின் டிரைவர், முதல் நாள் இரவு 11 மணி வரை மது அருந்தியவராக இருக்கலாம். உறங்கி எழுந்து, குளிர்ந்த நீரில் நீராடி, காப்பியும் அருந்தி வந்திருக்கும் அவர், போதை அறவே நீங்கிவிட்டது என்று மெய்யாகவே நம்புவார். அந்நம்பிக்கை சரியானதுதானா என்பதை அவருடைய நடையும் பேச்சும் காட்டாமல் போகலாம். அவருடைய மூச்சு காட்டிவிடும்.

பணிமனை வாயிலில் நடைபெறும் மூச்சுப் பரிசோதனைக்கு இரண்டு கடமைகள் உண்டு. வண்டியில் ஏறும் பயணிகளின் உயிரை அது காக்க வேண்டும். அதே சமயத்தில், மது அருந்தாத ஒரு தொழிலாளியின் பிழைப்பையும் மானத்தையும் அது கெடுத்துவிடக் கூடாது. இவ்விரண்டும் நிறைவேற வேண்டுமானால், கருவி எதை அளக்கிறது, எங்கே தவறக்கூடும் என்பவற்றைப் பரிசோதிப்பவரும் பரிசோதிக்கப்படுபவரும் அறிந்திருத்தல் அவசியம்.

உடலில் மதுவின் போக்கு

மதுவில் போதை தரும் பொருள் ஈதைல் ஆல்கஹால் ஆகும். இது ஏனைய உணவுகளைப் போலச் சீரணமாக வேண்டுவதில்லை. ஒரு சிறு பகுதி இரைப்பையிலும், பெரும்பகுதி சிறுகுடலிலும் நேராக இரத்தத்தில் கலந்து மூளையை அடைகிறது. அங்கே தொடக்கத்திலேயே பழுதுபடுபவற்றுள் ஒன்று, தன் நிலையைத் தானே எடைபோடும் ஆற்றல். ஆகவேதான் மது அருந்தியவர் தமக்கு ஒன்றும் நேரவில்லை என்று சாதிக்கிறார்.

இரத்தத்தில் கலந்த ஆல்கஹாலின் மிகப் பெரும் பகுதியைக் கல்லீரல் சிதைக்கிறது. எஞ்சிய சிறு பகுதி மூச்சு, சிறுநீர், வியர்வை ஆகியவற்றின் வழியே வெளியேறுகிறது. கல்லீரல் தன் வேகத்திலேயே வேலை செய்யும். காப்பியோ, எலுமிச்சைச் சாறோ, குளியலோ அதை விரைவுபடுத்துவதில்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டெனினும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும் எனக் கொள்ளலாம். மேற்கூறிய டிரைவரின் இரத்தத்தில் இரவு 11 மணிக்கு 150 மில்லிகிராம் இருந்திருந்தால், ஆறு மணி நேரத்தில் 90 மில்லிகிராம் நீங்கி, 60 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் விதித்துள்ள உச்ச அளவு 30 மில்லிகிராம். ஆகவே அவர் உறங்கி எழுந்த பின்னரும் சட்ட வரம்பைப் போல் இரு மடங்கு மதுவுடன் வண்டியில் ஏறுகிறார்.

மூச்சு எவ்வாறு சாட்சி சொல்கிறது?

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் இரத்தமும் காற்றும் மிக மெல்லிய சவ்வினால் மட்டுமே பிரிக்கப்பட்டுள்ளன. இரத்தத்திலுள்ள ஆல்கஹால் ஆவியாகி, ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் அக்காற்றில் கலக்கிறது. 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள ஆல்கஹால், ஆழ்ந்து வெளிவிடும் மூச்சில் 2100 மில்லிலிட்டரில் உள்ள அளவுக்குச் சமம் என்று கணக்கிடப்படுகிறது. 30 மில்லிகிராம் வரம்பின்படி 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.3 மில்லிகிராம் இருக்கும். அதே 0.3 மில்லிகிராம் 2.1 லிட்டர் மூச்சில் பரவியிருக்குமானால், 1 லிட்டர் மூச்சில் ஏறத்தாழ 0.14 மில்லிகிராம் இருக்கும். உயர்நிலை வகுப்பு மாணவர்களும் எளிதில் செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது.

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் என்பவர் உருவாக்கிய கருவி, பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலைப் பயன்படுத்தியது. மூச்சிலுள்ள ஆல்கஹால் பட்டதும் அக்கரைசலின் ஆரஞ்சு நிறம் குறைந்து பச்சை நிறம் தோன்றும். இக்காலக் கருவிகள் பலவற்றில் எரிபொருள் மின்கலம் அமைந்துள்ளது. பிளாட்டின மின்வாயில் ஆல்கஹால் ஆக்ஸிகரணமடைந்து அசெட்டிக் அமிலமாகிறது. அப்பொழுது தோன்றும் மின்னோட்டத்தின் அளவே ஆல்கஹாலின் அளவைக் காட்டுகிறது. மலிவான சில கருவிகளில் உள்ள குறைகடத்தி உணர்விகள், ஆல்கஹால் அல்லாத வேறு ஆவிகளுக்கும் இசைந்து தவறான அளவைக் காட்டக்கூடும்.

பலாச்சுளை கற்பித்த பாடம்

2025ஆம் ஆண்டில் கேரளத்தில் அரசுப் பேருந்துப் பணிமனை ஒன்றில், மது அருந்தாத டிரைவர்கள் மூச்சுப் பரிசோதனையில் தவறினர். அவர்கள் அனைவரும் பழுத்த பலாச்சுளை உண்டிருந்தனர். பரிசோதனையில் முன்பே தேறிய ஒருவரைச் சுளை உண்ணச் செய்து மீண்டும் ஊதச் சொன்னபோது, கருவி அவரையும் மது அருந்தியவராகக் காட்டியது. மிகக் கனிந்த பழத்தின் சர்க்கரை ஈஸ்ட்டினால் புளித்து, சிறிதளவு ஆல்கஹாலாக மாறுவது இயற்கை. கருவி அளந்தது வாயில் தங்கிய ஆல்கஹாலையே. இரத்தத்தில் கலந்ததை அன்று. வாய் கொப்புளிக்கும் மருந்துகளும், ஆல்கஹால் கலந்த சில இருமல் மருந்துகளும் இவ்வாறே ஏமாற்றக்கூடும்.

வாயில் தங்கிய ஆல்கஹால் விரைவில் மறைந்துவிடும், இரத்தத்திலுள்ளது மறையாது. ஆகவே பரிசோதிப்போர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் வேண்டும்:

1. ஊதுவதற்கு முன் 15 நிமிடம் டிரைவர் எதையும் உண்ணாமலும் பருகாமலும் புகைக்காமலும் இருக்க வேண்டும்.

2. ஒவ்வொருவருக்கும் புதிய ஊதுகுழாய் பொருத்தப்பட வேண்டும். கருவி முதலில் வெறுங்காற்றில் பூச்சியம் காட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும். ஆல்கஹால் கலந்த கை கழுவும் திரவத்தைப் பூசிய ஈரக் கையால் கருவியைத் தொடலாகாது.

3. ஆல்கஹால் இருப்பதாகக் கருவி காட்டினால், நீரால் வாய் கொப்புளிக்கச் செய்து, 15 நிமிடம் கழித்து இரண்டாம் முறை சோதிக்க வேண்டும்.

4. அளவு தெரிந்த ஆல்கஹால் ஆவியைக் கொண்டு கருவியைக் குறித்த காலத்தில் சரிபார்த்து, அதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

ஏனைய போதைப் பொருள்கள்

1987 ஜனவரி 4ஆம் நாள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், சேஸ் என்னும் ஊரருகே பயணி ரயில் ஒன்று சரக்கு ரயில் எஞ்சின்களின்மீது மோதி 16 பேர் மாண்டனர். சரக்கு ரயில் ஊழியர்கள் கஞ்சா புகைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு மது, போதைப் பொருள் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் அந்நாட்டில் 1991ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இந்தியாவில் விமானிகளுக்கும் ரயில் எஞ்சின் ஓட்டுநர்களுக்கும் மூச்சுப் பரிசோதனை நடைபெறுகிறது. விமானத் துறையில் ஏனைய போதைப் பொருள்களுக்கான பரிசோதனை 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது.

இப்பொருள்களுக்குப் பெரும்பாலும் சிறுநீரே சோதிக்கப்படுகிறது. இதிலும் எச்சரிக்கை தேவை. கஞ்சாவின் சிதைவுப் பொருள்கள், போதை தீர்ந்து பல நாட்களாகியும் சிறுநீரில் காணப்படும். எனவே இச்சோதனை முன்பு உட்கொண்டதைக் காட்டுமேயன்றி, வண்டி ஓட்டும் வேளையில் போதை இருந்ததா என்பதைக் காட்டாது. முதற் சோதனையில் ஐயம் எழுந்தால், மேலும் நுட்பமான ஆய்வுக்கூட முறையால் அதனை உறுதிப்படுத்திய பின்னரே முடிவுக்கு வருதல் முறையாகும்.

2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, மது அருந்தி வண்டி ஓட்டுவோருக்கு முதற் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டனை விபத்துக்குப் பின்னரும் வரலாம். பணிமனை வாயிலில் நடக்கும் சோதனையோ வண்டி நகரும் முன்பே ஆபத்தைத் தடுக்கிறது. அது செம்மையாக நடைபெறுமிடத்தில் டிரைவர்கள் அதனை அவமதிப்பாகக் கருதமாட்டார்கள். முதல் நாள் இரவின் மது மறுநாள் காலையிலும் உடலில் தங்கும் என்னும் எளிய உண்மையை ஆசிரியர்கள் வகுப்பிலும், களப்பணியாளர்கள் வண்டிகள் கூடும் இடங்களிலும் எடுத்துரைப்பார்களானால், அச்சோதனையின் நோக்கம் பெரிதும் நிறைவேறும்.