பெயின்ட் அடிப்பதற்கு முன்

திருகோணமலையின் சல்லி போன்ற கடலோரக் கிராமத்தில் பழைய செவ்ரோலே, பிளிமத் போன்ற அமெரிக்கக் கார் ஒன்றை விற்க நினைப்பவருக்கு முதலில் தோன்றுவது, புதுப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பதுதான். அதுவே விலையைக் குறைக்கக்கூடும். புதுப் பெயின்டை எப்போதும் அடிக்கலாம். தொழிற்சாலையில் பூசியதைச் சுரண்டிவிட்டால் எந்தக் கராஜாலும் திருப்பித் தர முடியாது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும் பேணிக் காப்பதையே வலியுறுத்துகிறது. 2024இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது, புதுப்பிக்கப்படாத 1934ஆம் ஆண்டுப் புகாட்டி. அத்தகைய காருக்கு அங்கே அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை.

உப்புக்காற்றில் கறள் தின்னும் தகரத்தை அப்படியே விடுவதா என்று கேட்கலாம். கூடாது, அடித்தட்டில் ஓட்டை விழுந்தால் ஒட்டத்தான் வேண்டும். ஆனால் பழுதான இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெற்றோல் செலவுக்கு அஞ்சி டீசல் எஞ்சின் பூட்டியவர்களையும் குறைசொல்ல முடியாது, அன்றாடம் ஓடவேண்டிய வண்டி அது. கழற்றிய எஞ்சின் மூலையில் கிடந்தால், பழைய இரும்புக்குப் போடாமல் வண்டியோடு சேர்த்தே விற்கலாம். விபரம் தெரிந்தவர் பதிவுப் புத்தகத்திலுள்ள செஸி, எஞ்சின் இலக்கங்கள் வண்டியோடு பொருந்துகின்றனவா என்றுதான் பார்ப்பார். கல்யாண வாடகைக்கு வாங்குபவருக்கு மினுக்கம்தான் வேண்டும் என்பது உண்மையே. அவர் வாங்கிய பிறகு, தன் செலவில் அடித்துக்கொள்ளட்டும்.