செவிலியர் நலனும் ஏழை நோயாளியின் நலனே



அரசு மருத்துவமனையில் செவிலியர் ஓய்வின்றிச் சோர்ந்தால், ஊசி போடுவது தாமதமாகும். சொல்ல வேண்டிய விவரம் விடுபடும். வசதியுள்ளவர் தனியாரிடம் போய்விடுவார். போக இடமில்லாத ஏழைதான் பாதிக்கப்படுவார்.

தமிழகத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். ஆனால் அவர்களின் மனச்சுமையைச் சட்டம் இறக்கி வைக்காது. அதற்கு, மத்திய அரசு 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பணியாளரும் பேசலாம், தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி. அதற்காகப் பத்துப் பேராகப் போய் வார்டை நிறைக்க வேண்டாம். பார்வையாளர் நேரத்தில் ஓரிருவராகச் செல்வோம். துணைக்கு ஆளில்லாத பக்கத்துக் கட்டில் நோயாளிக்கும் செவிலியரின் கவனம் கிடைக்கட்டும்.