தோன்றாத கோடு: மலேரியா விரைவுப் பரிசோதனையும் எச்.ஆர்.பி.2 மரபணு நீக்கமும்

நுண்ணோக்கியும் மின்வசதியும் எட்டாத ஊர்களில் மலேரியாவைக் கண்டறியப் பெரிதும் துணைநிற்பது விரைவுப் பரிசோதனை அட்டையாகும். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி வெளியிடும் எச்.ஆர்.பி.2 என்னும் புரதம் ஒரு துளிக் குருதியில் இருப்பின், அட்டையிலுள்ள எதிர்ப்பொருள் அதனைப் பற்றிக்கொள்ளும். சற்று நேரத்தில் கோடு தோன்றும். அட்டை ஒட்டுண்ணியை நேரடியாகக் காண்பதில்லை. அதன் புரதத்தை மட்டுமே காண்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இப்புரதத்திற்குரிய மரபணு எட்டாம் குரோமோசோமின் முனையை ஒட்டி அமைந்துள்ளது. முனைப்பகுதிகள் எளிதில் இழக்கப்படக்கூடியவை. பதின்மூன்றாம் குரோமோசோமிலுள்ள எச்.ஆர்.பி.3 மரபணுவின் புரதம் இதனை ஒத்திருப்பதால், சில வேளைகளில் அதுவே கோட்டைத் தோற்றுவிக்கும். இரண்டையும் இழந்த ஒட்டுண்ணி அட்டைக்குப் புலப்படாது.

பெரு நாட்டின் அமேசான் பகுதியில் இத்தகைய ஒட்டுண்ணிகள் இருப்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. எரித்திரியாவிலோ நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. கிந்தா மருத்துவமனையில் ஆராயப்பட்ட நோயாளிகளுள் 80.8 விழுக்காட்டினரிடமும், மசாவாவில் 41.7 விழுக்காட்டினரிடமும் எச்.ஆர்.பி.2 மரபணு அற்ற ஒட்டுண்ணிகளே காணப்பட்டன. மாதிரிகள் முறையே 26, 24 மட்டுமே என்பதை மறத்தலாகாது. எனினும் 2016இலேயே அந்நாடு வேறுவகைப் பரிசோதனைக்கு மாறியது.

இப்பரவலில் பரிசோதனைக்கே பங்குண்டு என்பது வலுவான கருத்து. கோடு தோன்றியவர் மருந்து பெறுகிறார். அவருடலில் ஒட்டுண்ணி அழிகிறது. கோடு தோன்றாதவர் காய்ச்சலோடு வீடு திரும்புகிறார். அவரைக் கடிக்கும் கொசு, மரபணு நீங்கிய வகையையே பிறருக்குக் கொண்டுசெல்கிறது. நோய்ப்பரவல் மிகுந்த இடங்களில் ஒருவருடலிலேயே பல வகைகள் கலந்திருப்பதால் இந்நீக்கம் மறைந்துகிடக்கும். பரவல் குறைந்த இடங்களில்தான் அது வெளிப்படையாகத் தலைதூக்கும். பெருவில் இவ்வட்டைகள் பரவலாகப் பயன்படாத நிலையிலும் நீக்கம் காணப்பட்டமையால், இவ்விளக்கம் எல்லா இடங்களுக்கும் பொருந்தாது.

நீக்கத்தை மெய்ப்பிப்பதும் எளிதன்று. பி.சி.ஆர். சோதனையில் எச்.ஆர்.பி.2 பெருகவில்லை என்பதால் மட்டும் அது நீங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது, மாதிரியிலுள்ள டி.என்.ஏ. சிதைந்திருக்கலாம். ஆகவே, அதே மாதிரியில் ஒற்றைப்படியாக உள்ள பிற மரபணுக்கள் பெருகுகின்றனவா என்பதையும் காணவேண்டும். இச்சரிபார்ப்பு இல்லாத முடிவுகளை ஏற்கத் தயங்குவதே முறை.

நீக்கத்தால் நேரும் தவறான எதிர்மறை முடிவுகள் 5 விழுக்காட்டைக் கடந்தால் பரிசோதனையை மாற்றுமாறு உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது. மாற்றாக அமைவது லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் நொதியைக் காணும் அட்டை. ஒட்டுண்ணி குறைவாக உள்ளபோது அதன் கூர்மை பொதுவாகக் குறைவு. ஆயினும், எச்.ஆர்.பி.2 நோய் தீர்ந்தபின்னும் வாரக்கணக்கில் குருதியில் தங்க, இந்நொதி ஒட்டுண்ணி அழிந்தபின் விரைவில் மறைந்துவிடுகிறது.