துடுப்பு இல்லாத சால்மன்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி 58,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதிலுள்ள சினூக் சால்மன் மீன்களை வலை வீசி எண்ணி முடிக்க எந்த அரசிடமும் ஆளும் படகும் போதாது. கோடையில் அங்கே தூண்டிலோடு வருகிறவர்களோ ஏராளம். அவர்கள் பிடித்த மீன்களை வைத்தே கணக்குப் பார்க்கிறார்கள் அதிகாரிகள்.

சினூக் அந்த ஏரியில் பிறந்த இனமன்று. அட்லாண்டிக்கிலிருந்து ஏறிவந்து பெருகிய ஏல்வைஃப் என்ற சிறுமீன் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்கியது. அதைத் தின்னட்டும் என்று 1967இல் பசிபிக் கரை சினூக்கைக் கொண்டுவந்து விட்டார்கள். பண்ணைக் குஞ்சுகளை ஆண்டுதோறும் விட்டுக்கொண்டிருக்கும்போதே, வளர்ந்தவை ஆறுகளில் ஏறி முட்டையிடத் தொடங்கின. பண்ணையில் பிறந்ததும் ஆற்றில் பிறந்ததும் பார்வைக்கு ஒன்றுதான். தின்னும் வாய்கள் எத்தனை என்று தெரியாமல் எத்தனை குஞ்சு விடுவது?

இதற்கு வழிசெய்தது ஓர் அழகான இயந்திரம். பண்ணைக்கு இழுத்துவரப்படும் வண்டிக்குள் நீரோட்டத்தை எதிர்த்துக் குஞ்சு தானாக நீந்திப் போகிறது. கருவி அதன் நீளத்தை அளந்து, தலையை மெல்லப் பிடித்து, வாலுக்கு முன்னே முதுகிலிருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பைக் கத்தரிக்கிறது. மூக்குக்குள் எண் பொறித்த 1.1 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியைச் செலுத்துகிறது. மனிதக் கை படுவதில்லை, மயக்க மருந்தும் வேண்டாம். 2011 முதல் இந்த ஏரியில் விடும் சினூக் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் இப்படிக் குறியிட்டார்கள்.

பிறகு வேலை படகுத்துறைக்கு வருகிறது. துடுப்பு இல்லாத மீன் என்றால் அதன் தலையைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆய்வகத்தில் கம்பியை எடுத்து நுண்ணோக்கியில் எண்ணைப் படித்தால், எந்த ஆண்டு, எங்கே விட்ட குஞ்சு என்று தெரிந்துவிடும்.

ஆனால் துடுப்பு முழுதாக இருக்கும் மீன்தான் எனக்குப் பெரிய செய்தி. ஒரே வயதுள்ள 100 மீன்களில் 40க்குத் துடுப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி 60 ஆற்றில் பிறந்தவை. குறியிட்டவைதான் முக்கியம் என்று நினைத்து அவற்றை மட்டும் தூண்டில்காரர் காட்டினால் இந்த விகிதமே குலைந்துபோகும். ஆகவே பிடித்த மீன் அத்தனையையும் காட்ட வேண்டும்.

ஆற்றுப் பிறப்பு அதிகம் என்று முந்தைய ஆய்வுகளே சொல்லியிருந்ததால், 2013இல் குஞ்சு விடுவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்கள். ஏரியின் சினூக்கில் பாதிக்கும் மேல் ஆற்றில் பிறந்தவை என்பதைப் புதிய குறிகள் உறுதிசெய்தன. குஞ்சு குறைத்தது தூண்டில்காரர்களுக்குக் கசப்பான முடிவு. ஆனாலும் பக்கத்து ஹூரான் ஏரியில் ஏல்வைஃப் 2004வாக்கில் ஏறத்தாழ அற்றுப்போக, சினூக்கும் சரிந்ததை அவர்களும் பார்த்திருந்தார்கள்.

கம்பிகள் வேறொன்றையும் காட்டின. ஹூரானில் விட்ட சினூக்குகள் இரைதேடி மிச்சிகனுக்கு வருகின்றன. ஆகவே ஓர் ஏரியில் குஞ்சு விடுவதற்கு முன் மற்ற ஏரியின் இரையையும் பார்க்க வேண்டியிருக்கிறது.