நடந்தால் மட்டும் போதுமா?

மார்கழி மூன்றாம் நாள், விடியற்காலை நாலரை மணி. ஸ்ரீரங்கம் வடக்கு அடையவளஞ்சான் வீதியில் எங்கள் வாசலில் குந்தி உட்கார்ந்து பதினைந்து புள்ளிக் கோலம் போட்டேன். கோலம் நன்றாகத்தான் வந்தது. முடித்துவிட்டு எழப் பார்த்தபோது தொடை எழும்பவில்லை. இடது கையைத் தரையில் ஊன்றி, வலது கையால் திண்ணை விளிம்பைப் பிடித்து ஒருவழியாக நிமிர்ந்தேன். ஊன்றிய கை கோலத்தின் ஒரு மூலையை அழித்துவிட்டிருந்தது. அப்போது எனக்கு வயது 47. ஐந்து வருடமாகத் தினமும் காலையில் கோயிலின் நான்கு வீதிகளையும் சுற்றி வருகிறவள் நான். ஒரு சுற்று ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்.

முட்டி தேய்ந்துவிட்டதோ என்ற பயத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். ஆறாவது முறையிலேயே மூச்சு வாங்கியது. "முட்டி நல்லாத்தான் இருக்கு. நடக்கிறீங்க, சரி. தொடைக்கு என்ன வேலை கொடுக்கிறீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முப்பதைத் தாண்டிய பிறகு, பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் இன்னும் கூடும். தராசில் இது தெரியாது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்வதால் எடை அப்படியே நிற்கும். ரவிக்கைக் கை இறுகும், இடுப்பு தளரும், படி ஏறினால் தொடை நடுங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் எலும்பும் சேர்ந்து மெலிகிறது. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும் பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான் என்பதால், அது கரைந்தால் ரத்தத்தில் சர்க்கரை தங்கும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. உடம்பு கட்டாக இருக்க வேண்டும் என்று நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண் ஆசைப்பட்டால், "இந்த வயசில் என்ன அழகு வேண்டிக் கிடக்கிறது" என்று சொல்லி அவள் வாயை அடைக்காதீர்கள். எழுபது வயதில் குளியலறையில் வழுக்காமல் இருக்க அவள் இப்போதே சேர்த்துவைக்கும் முதல் அது.

நடை இதயத்துக்கும் மனசுக்கும் நல்லது, அதை விட வேண்டாம். ஆனால் அது பாதிதான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பதோடு நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் பலம் கூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற விதி இருந்தது. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் செய்தாலும் கணக்குதான். நேரமே இல்லை என்று தவிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

நேரம் இல்லை என்பது பொய்யும் இல்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையைச் செய்யும் ஆண்கள் 88 நிமிடம். 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்கோ, இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்கிறது. ஓயாமல் வேலை செய்கிறோம், உடம்புக்கு மட்டும் உழைப்பு போதவில்லை! என் பாட்டி கிணற்றில் நீர் இறைத்தாள், ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தாள், அரிவாள்மணைக்கு முன்னால் நாளுக்கு இருபது தடவை உட்கார்ந்து எழுந்தாள். நாம் சமையல் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டே மணிக்கணக்கில் களைக்கிறோம். களைப்பு வேறு, பலம் வேறு. ஆகவே முதல் பரிகாரம் வீட்டுக்குள்தான்: கணவரும் பிள்ளைகளும் பாத்திரத்தையும் துணியையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

என் நாள் இப்போது இப்படி ஓடுகிறது. பால் பொங்குவதற்குள், சமையல் மேடை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்து, மார்பு விளிம்புக்கு வரும்வரை இறங்கிப் பன்னிரண்டு தடவை எழுகிறேன். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் நாற்காலியில் கை படாமல் உட்கார்ந்து எழுவது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு நிற்கும்போது குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குவது; யாரும் கவனிப்பதில்லை. சாயங்காலம் ஐந்து கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்தை நாலு சுற்று. ராத்திரி பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. கீழே விழாமல் காப்பது அதுதான். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அதையே மெதுவாக, மூன்று எண்ணும் வரை இறங்கி எழுந்தால் தொடைக்கு அருமையான வேலை. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையையோ எடையையோ கூட்ட வேண்டும். ஒரே அளவில் நின்றுவிட்டால் தசையும் அங்கேயே நின்றுவிடும்.

தட்டையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 0.83 கிராம் புரதம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய ஐம்பது கிராம். ரசம் சாதமும் தயிர் சாதமும் மட்டும் அதை எட்டாது. சுண்டல், பயறு, கெட்டிப் பருப்பு, சாப்பிடுகிறவர்களுக்கு முட்டையும் மீனும், ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

நாள் முழுக்க நிற்கிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களோடு பஸ்ஸில் தினமும் வருகிறேன். ஒருத்தி கணுக்காலைக் காட்டினாள். நரம்புச் சுருட்டு நீலமாகப் புடைத்திருந்தது. "நாள் பூரா நிக்கிறேனே அக்கா, இதுக்கு மேல எக்சர்சைஸ் வேற வேணுமா?" என்று கேட்டாள். அசையாமல் நிற்பது பயிற்சி ஆகாது, அது காலுக்குத் தண்டனை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த 22-ஏ பிரிவின்படி, ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். முதலாளி கொடுக்கும் சலுகை இல்லை, சட்டம். இருக்கை இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தனியாகப் பேசப் பயமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் தொடைக்கு ஒரு பயிற்சி என்று அவளிடம் சொன்னேன்.

ஆபத்துகளைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையால் கெடுதலே விளையும். நாற்பதுக்கு மேல் புதிதாகக் கடும் பயிற்சி தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்; தேவைப்படுகிறவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, என்றுமில்லாத அசதி வந்தால் அந்த நிமிடமே நிறுத்தி 108-ஐ அழையுங்கள். வாயுத் தொல்லை என்று ஓமம் மென்று காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் குமட்டலுமாக மட்டும் மாரடைப்பு வருவதுண்டு. எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சர்க்கரை இறங்கி மயங்கலாம்; முந்தானையில் நாலு மிட்டாய் முடிந்துகொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்றுவதை நடைப்பயிற்சியாக வைத்திருப்பவர்கள் பலர். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்குச் சித்திரை வெயிலில் கல்தளம் சுடுவது தெரியாது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்க வேண்டிவரும் நிலைகூட உண்டு. வெயில் ஏறும் முன் சேவித்துவிட்டு வாருங்கள். பயிற்சிக்கான நடையை வீதியில் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு நடங்கள். தினமும் ராத்திரி ஒரு கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

இன்னொன்றைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. இருமினாலோ குதித்தாலோ சிறுநீர் கசிவது. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நிற்கும் காலத்திலும் இடுப்பின் அடித்தசை தளர்வதால் வருவது இது. இதற்கு வெட்கப்பட்டே எத்தனையோ பேர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்தால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறையும். குறையாவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் சிகிச்சை இருக்கிறது.

தெருவுக்கு வருவோம். விடியற்காலை இருட்டில் ரோட்டோரம் நடக்கிறவர்கள்மீது வண்டி மோதுவது அடிக்கடி கேள்விப்படும் செய்தி. நடைமேடை இருந்தால் அதன்மேல் பைக் நிற்கிறது, பலகை நிற்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைமேடை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, அதை மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்றது. நடைமேடை உடைந்திருந்தாலோ தெருவிளக்கு எரியாவிட்டாலோ மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் பதியலாம். தெருநாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் பதினைந்து நிமிடம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட வேண்டும்.

ஜிம்மில் சேர்கிறவர்கள் பணத்தைக் கவனியுங்கள். நானும் ஏமாந்தவள்தான். ஓராண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடியில் மொத்தமாகக் கட்டினேன். மூன்றாம் மாதம் பெண் பயிற்சியாளர் வேலையை விட்டுப் போனார், பெண்களுக்கான நேரத்தையும் எடுத்துவிட்டார்கள். பணத்தைக் கேட்டால், "பணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். அந்த வரி இறுதித் தீர்ப்பு அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்க்க வழி தருகிறது. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்றும் சொல்கிறது. சொன்ன சேவையைத் தராவிட்டால் முதலில் எழுத்தில் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என் விஷயம் 1915-இல் பதிந்த பிறகு, மீதி மாதங்களுக்கான தொகை வந்ததோடு முடிந்தது. மாதாமாதம் கட்டுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

ஜிம்மில் வாங்கச் சொல்லும் புரதப் பொடி டப்பாவில், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பெயரில்லாத மாத்திரையோ ஊசியோ யார் கொடுத்தாலும் வேண்டாம். ஸ்டீராய்டு ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். உடல் பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். ரத்த அழுத்தமும் நீரிழிவும் அதே பட்டியலில் இருக்கின்றன. அப்படி ஒரு நோட்டீஸ் கையில் கிடைத்தால் கிழித்துப் போடாமல், மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டு உடம்பு கெட்டவர்கள், மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாவையும் பில்லையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.